டெங்கு சுகமான பிறகு தொடங்கிய வருத்தம்

மட்டக்களப்பில் மாரி மழை ஓய்கிற நேரம் வீட்டுக்கு வீடு டெங்குக் கதைதான். யாருக்குப் பிளேட்லட் எவ்வளவுக்கு இறங்கியது, வார்டில் கட்டில் கிடைத்ததா, பப்பாசி இலைச் சாறு கொடுத்தார்களா என்று பேசுவோம். ஆள் வீடு வந்து சேர்ந்ததோடு கதை முடிந்துவிடும். வீடு வந்த பிறகும் மாதக்கணக்கில் எழும்ப ஏலாமல் கிடப்பவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் அப்படிக் கிடந்தவள். எனக்கு வந்த வருத்தத்தை நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். இப்போது இதே நிலையில் ஏதோ ஓர் அறைக்குள் கிடந்துகொண்டு, தனக்கு என்ன நடக்கிறது என்று விளங்காமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மாமாருக்கும் கணவன்மாருக்கும் இது இன்னும் அதிகமாகத் தேவை.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். குருமண்வெளித் துறையில் பாதை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கரை கடக்கிற மிதவைப் படகு) ஏறி, வாவியைக் கடந்து மண்டூரில் இறங்கி, அங்கிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிற வேலை. நாற்பது வயது ஆகவில்லை. சீனி, பிரஷர் ஒன்றும் கிடையாது. டெங்கு வந்து வார்டில் இருந்தபோது நன்றாகப் பார்த்தார்கள். பிளேட்லட் ஏறியது, காய்ச்சல் போனது, துண்டு வெட்டி அனுப்பினார்கள். கொஞ்ச நாளைக்குக் களைப்பு இருக்கும் என்றார்கள். அது எல்லோருக்கும் உள்ளதுதான். வைரஸ் காய்ச்சல் எதற்குப் பிறகும் சில கிழமை உடம்பு அசதியாக இருந்து, பிறகு தானாகத் தேறிவிடும்.

எனக்கும் தேறுகிற மாதிரித்தான் இருந்தது. லீவு முடிந்து கந்தோருக்குப் போனேன். கதிரையில் இருந்து செய்கிற வேலையைச் சமாளித்தேன். பின்னேரம் வந்து படுத்தால் சரி. அப்புறம் ஒரு நாள் அஸ்வெசும என்கிற அரச நலன்புரிக் கொடுப்பனவு விபரங்கள் சரிபார்க்க வெளிக்களம் போக வேண்டி வந்தது.

அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வருத்தத்தின் முழுக் குணமும் அதற்குள் இருக்கிறது. பாதைக்காகக் கரையில் வெயிலில் நின்றேன். பாதை வந்ததும் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றபடியே கடந்தேன். தலை கொஞ்சம் லேசாகி, நெஞ்சு படபடத்தது. மண்டூரில் இறங்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் படிவம் பார்த்தேன், சனத்தோடு கதைத்தேன், பின்னேரம் திரும்பினேன். அன்றிரவு களைப்புத்தான், ஆனால் சந்தோசமான களைப்பு. பழையபடி ஆகிவிட்டேன் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த நாளும் ஓரளவு பரவாயில்லை. அதற்கடுத்த நாள் காலையில் கண் விழித்தேன், எழும்ப முடியவில்லை. தொண்டை நோ, கழுத்தில் நெறி கட்டின மாதிரி, காய்ச்சல் அடிக்கிற உணர்வு. ஆனால் தேமாமீற்றரில் காய்ச்சல் இல்லை. கையும் காலும் அடித்துப் போட்டது போல. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மகள் பக்கத்தில் வந்து ஏதோ கேட்கிறாள், அவள் சொல்கிற சொற்கள் காதில் விழுகின்றன, அவற்றைச் சேர்த்து ஒரு பதில் சொல்ல முடியவில்லை. மலசலகூடத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அது அடங்க ஒரு கிழமைக்கு மேல் ஆனது.

மறுபடி டெங்கோ என்று ஓடினோம். இல்லை. இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் நல்லம். தனியார் கிளினிக் ஒன்றில் பார்த்த டொக்டர், “உடம்பு படுத்துப் பழகிவிட்டது, காலையில் எழும்பி நடங்க, ஒன்றும் யோசிக்காதீங்க” என்றார். சொன்னபடி விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி. கிழமைக்குக் கிழமை இறங்கிக்கொண்டே போனேன். முதலில் கந்தோர் போக முடியாமல் போனது, பிறகு சமைக்க முடியாமல் போனது, பிறகு உட்கார்ந்து சாப்பிடுவதே பாடாகிவிட்டது.

நடங்க என்பது பொதுவாக நல்ல புத்திமதிதான். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வெறுமனே உடம்பு பலவீனப்பட்டுப் போன ஒருவருக்கு அது பலன் தரும். எனக்கு இருந்தது வேறு விதமான களைப்பு. அதைப் பிரித்தறிய ஒரேயொரு கேள்வி போதும் என்பதைப் பிறகு ஓர் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில், வயதில் என்னைவிட இளைய ஒரு டொக்டரிடம்தான் கண்டேன். அவர் நான் எவ்வளவு நடக்கிறேன் என்று கேட்கவில்லை. “நடந்த அன்றைக்கு எப்படி என்று விடுங்க. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருக்கு?” என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னை முந்திக்கொண்டு, “அதுதான் டொக்டர், ரெண்டு நாள் கழிச்சுத்தான் விழுறா” என்றார்.

அந்த இரண்டு நாள் கழித்து விழுவதுதான் இந்த வருத்தத்தின் அடையாளம். உழைப்புக்குப் பின்னான நலிவு என்று சொல்லலாம். முன்பு எளிதாகச் செய்த ஒரு வேலையைச் செய்ததும், பெரும்பாலும் 12 முதல் 48 மணித்தியாலம் கழித்து, எல்லா அறிகுறிகளும் ஒன்றாகக் கிளம்பும். நாள்கணக்கில், சிலருக்குக் கிழமைக்கணக்கில் நீடிக்கும். உடல் வேலை மட்டும் அல்ல, கணக்குப் பார்ப்பது, நீண்ட நேரம் கதைப்பது, சண்டை, அழுகை, கூட்டத்துக்குள் இருப்பது எல்லாமே இதைக் கிளப்பும். கூடவே மற்றவையும் இருக்கும்: எவ்வளவு தூங்கினாலும் தூங்காத மாதிரி எழும்புவது, மூளை மந்தமாகிப் போவது, நின்றால் தலை சுற்றி நெஞ்சு படபடப்பது. ஒரு சுற்றறிக்கையின் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்து, கடைசிவரை அது என்ன கேட்கிறது என்று விளங்காமல் வைத்துவிட்ட நாட்கள் எனக்கு உண்டு. வருத்தம் வர முதல் இப்படியான வேலைகளில் நான் ஒருபோதும் பின்நின்றதில்லை.

இப்படி நீடித்தால் மருத்துவத்தில் எம்.ஈ. அல்லது சி.எப்.எஸ். என்கிறார்கள். நாட்பட்ட களைப்பு நோய் என்று தமிழில் எழுதுவதுண்டு. 1955-இல் லண்டன் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் ஊழியர்கள் ஏறக்குறைய 300 பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1969-இலேயே இதை நரம்பு மண்டல நோய்களின் கீழ்ப் பட்டியலிட்டது. கொரோனாவுக்குப் பிறகு நீண்ட காலம் நோயாளியாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கும் இதே குணங்கள்தான்.

டெங்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பலரும் கேட்டார்கள். சிங்கப்பூரில் டெங்கு வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் களைப்பு விடாமல் தொடர்ந்தது. அதற்கு முந்தைய வருடம் அவுஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் முக்கியமானது. மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்தில் 12 வீதமானோர் தேறாமல் இருந்தார்கள், ஒரு வருடத்தில் அது 9 வீதமாகக் குறைந்தது. யார் தேறவில்லை என்பதைத் தீர்மானித்தது முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான். அவர்களுடைய மனநிலையோ வயதோ அல்ல. இந்த ஒரு வரியைப் படித்த அன்று நான் அழுதேன். “நீ யோசிச்சு யோசிச்சுத்தான் இப்படி ஆகிட்டாய்” என்ற பேச்சை அதுவரை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன்.

நடக்கச் சொல்வதைப் பற்றியும் ஒன்று. இங்கிலாந்தின் நைஸ் என்ற அமைப்பு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த நோயாளிகளுக்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சொல்லியிருந்தது. 2021 ஒக்டோபரில் வந்த புதிய வழிகாட்டியில், அப்படிக் குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் இந்த மாற்றம் எல்லா மேசைக்கும் வந்து சேரவில்லை. அதற்காக டொக்டர்மாரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. இரண்டு நாள் கழித்து விழுகிறேன் என்பதைத் தெளிவாகச் சொன்னால், கேட்கிற டொக்டர் கேட்பார்.

ஒன்றை முதலில் அழுத்திச் சொல்ல வேண்டும். களைப்பு என்றதும் இதுதான் என்று வீட்டிலிருந்தபடி முடிவெடுக்காதீர்கள். இந்த நோயைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, மற்றவற்றை விலக்கித்தான் இதற்கு வர வேண்டும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைரொயிட், சீனி, ஈரல், சிறுநீரகம், விற்றமின் பி12, ஈ.எஸ்.ஆர். இவ்வளவும் பார்க்க வேண்டும். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு எங்கள் ஊரில் சர்வசாதாரணம். எனக்கும் குறைவாக இருந்தது, மாத்திரை எடுத்ததில் படியேறும்போது வந்த மூச்சிளைப்புக் குறைந்தது, ஆனால் விழுவது நிற்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனால், இரவில் வியர்த்துக் கொட்டினால், இருமல் விடாமல் இருந்தால் கசநோய்க்குப் பார்க்க வேண்டும். நெஞ்சு நோ, கருப்பாக மலம் போவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது போன்றவை களைப்புக் கணக்கில் வராது. உடனே அம்புலன்ஸுக்கு 1990 அடியுங்கள்.

நிற்கும்போது வந்த படபடப்பைப் பற்றி. அந்த இளைய டொக்டர் வீட்டிலேயே செய்யச் சொன்ன சோதனை இது. கொரோனா நேரம் வாங்கி அலுமாரிக்குள் கிடந்த, விரலில் மாட்டுகிற பல்ஸ் ஒக்ஸிமீற்றரை எடுத்தோம். பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து நாடித்துடிப்பைப் பார்த்தோம், 74. பிறகு எழும்பி, சுவரிலிருந்து அரை அடி தள்ளிக் காலை வைத்து, தோளை மட்டும் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரர் நிமிடத்துக்கு நிமிடம் எழுதிக்கொண்டு வந்தார். 96, 104, 112, பிறகு இறங்கவே இல்லை. கால் விரல்கள் கத்தரிப்பூ நிறமாகின. பத்து நிமிடம் முடிவதற்குள் அம்மா கதிரையைக் கொண்டுவந்து இருத்திவிட்டார். பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அது தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். போட்ஸ் என்று சொல்கிறார்கள். இந்தச் சோதனையை ஆள் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது, மயங்கி விழ இடமுண்டு. அந்தத் தாளைக் கிளினிக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் கதையே மாறியது. பாதைக்குக் காத்து நின்றபோது தலை லேசானது ஏன் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது.

எனக்குச் சொன்ன பரிகாரம் எளிது. தண்ணீர் அதிகம், உப்புக் கொஞ்சம் கூட, காலையில் கட்டிலை விட்டு இறங்க முதல் ஒரு தம்ளர் நிறைய, வெயில் நாளில் ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசல், முழங்காலுக்கு மேலே இறுக்கமான காலுறை, எதையும் நின்று செய்யாமல் இருந்து செய்வது. பிரஷர், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் தங்கள் டொக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்த வருத்தம் உள்ளவர்களுக்குப் பாடு இரட்டிப்பு. நான் அந்தக் காலம் பகல் பத்து மணிக்குப் பிறகு வெளியில் இறங்குவதே இல்லை.

இனி, அளவறிந்து இருப்பதைப் பற்றி. மருந்து என்று உறுதியாகச் சொல்ல ஒன்றும் இல்லாத இந்த வருத்தத்தில், விழாமல் வைத்திருப்பது இது ஒன்றுதான்.

நவகிரிக் குளத்துத் தண்ணீரில் செய்கை பண்ணுகிற விவசாயிகளோடு சிறுபோகத்துக்கு முதல் கூட்டம் வைப்பார்கள். நானும் போயிருக்கிறேன். அங்கே குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் இந்தப் போகம் எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். எவ்வளவு வயல் கிடக்கிறது என்பதைப் பார்த்து அல்ல. என் நாளையும் அப்படித்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. செய்ய வேண்டிய வேலை எவ்வளவு கிடக்கிறது என்பது கணக்கிலேயே வராது.

முதலில் ஒரு கொப்பியில் எழுதினோம். காலையில் எப்படி எழும்பினேன், என்ன செய்தேன், எவ்வளவு நேரம் நின்றேன், யார் வந்தார்கள், அவ்வளவுதான். நீட்டி எழுதினால் எழுதுவதே ஒரு வேலையாகிவிடும். சில கிழமையில் ஒரு கோடு தெரிந்தது: எந்த அளவுக்குச் செய்தால் இரண்டு நாள் கழித்தும் விழவில்லை என்பது. பார்க்கவே வெட்கப்படும் அளவுக்குச் சின்ன அளவு. அதற்கும் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டோம்.

பிறகு வேலையை உடைத்தோம். திருவலையில் ஒரு தேங்காயை ஒரே இருப்பில் திருவுவதில்லை. பாதி திருவிவிட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் படுப்பேன், மீதி பிறகு. கறிக்கு வெட்டுவது முழுக்க மேசையில் கதிரை போட்டு. பிட்டு அவிக்க அடுப்படியில் நிற்க வேண்டுமே, அதனால் அது அம்மாவின் கைக்குப் போனது. குளிப்பதுதான் பெரிய செலவு. கிணற்றில் அள்ளி ஊற்றுவதை நிறுத்திவிட்டு, குளியலறைக்குள் பிளாஸ்டிக் கதிரை போட்டு, நிரப்பி வைத்த வாளியில் குவளையால் இருந்தபடி குளித்தேன். தலை முழுகுவது தனி நாள். கையை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது இந்த வருத்தம் வந்தவர்களுக்குத்தான் தெரியும். மகள்தான் தேய்த்துவிடுவாள். அந்த நாளில் வேறு எதுவும் வைப்பதில்லை.

இதில் மிகக் கஷ்டமானது, களைக்க முதல் நிறுத்துவது. களைத்த பிறகு நிறுத்தினால் பிந்திவிட்டது. நன்றாக இருக்கிற நாளில் வீட்டில் தேங்கிக் கிடக்கிற வேலை எல்லாம் கண்ணில் படும். அலுமாரி, உடுப்பு, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் கூப்பிடும். அந்த நல்ல நாளில்தான் கவனம் கூடத் தேவை. நான் கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தேன். அடித்தால் பாதி வெட்டிய வெங்காயத்தையும் அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும். படுப்பது என்றால் கண்ணை மூடிப் படுப்பது. கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டு கிடப்பது ஓய்வு இல்லை, மூளைக்கும் அது வேலைதான். நாடித்துடிப்பைப் பார்த்து நிறுத்துகிறவர்களும் உண்டு. ஓய்வாக இருக்கும்போதுள்ள துடிப்பிலிருந்து ஒரு 15-க்கு மேல் ஏறவிடாமல் வேலை செய்வார்கள். எனக்குக் குளிக்கும் நாட்களிலும் படி ஏறும்போதும் அது உதவியது.

கூட்டுவது எப்போது? பல கிழமை விழாமல் ஒரே சீராக இருந்தால் மட்டும், ஒரு சின்ன அளவு. அதையும் மூன்று நாள் பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா, விட வேண்டுமா என்று முடிவெடுப்போம். இறங்கினால் பழைய அளவுக்கே திரும்பிவிடுவது. இந்தக் கிழமை இவ்வளவு, அடுத்த கிழமை அவ்வளவு என்ற அட்டவணை எங்களிடம் இருக்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, அதனால் அம்மாவும் என்னோடுதான். நெல் மூட்டை சுமந்து எங்களை வளர்த்தவர். ஆரம்பத்தில் அவரால் நான் பகலில் படுத்திருப்பதைப் பார்க்கவே முடியவில்லை. “இப்படியே கிடந்தா உடம்பு இறுகிப் போகும் மகள், எழும்பி ரெண்டு அடி நட புள்ள” என்று வந்து வந்து சொல்வார். அயலில் உள்ள மாமி ஒருவர் நாவூறு என்றார், தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து தந்தார், நூல் கட்டினார். அன்போடு தந்ததை வாங்கிக் குடித்தேன். அதில் ஒரு கெடுதலும் இல்லை, மருந்தை நிறுத்தச் சொல்லாதவரை.

அம்மா மாறியது கொப்பியால். அவருக்கு வாசிப்பதில் பெரிய பழக்கம் இல்லை, ஆனால் நினைவு கூர்மை. ஒரு நாள் நான் விழுந்து கிடக்கிறேன். வீட்டுக்காரர் கொப்பியைப் புரட்டிக்கொண்டு, நேற்று ஒன்றும் செய்யவில்லையே என்று யோசிக்கிறார். அம்மா குசினியிலிருந்தே சொன்னார்: “நேத்து இல்ல தம்பி. முந்தநாள் அவள் கிணத்தடியில நிண்டு பிள்ளையளுட உடுப்புத் தோய்ச்சவள்.” அதற்குப் பிறகு எனக்குக் காவல் அம்மாதான். ஆட்கள் வந்து இருந்து நீண்ட நேரம் கதைத்தால், “புள்ளைக்குப் படுக்கிற நேரம், மறுகா வாங்க” என்று எழுப்பி அனுப்பிவிடுவார். அவர் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. நான் சொல்லியிருந்தால் வந்திருக்கும். இந்த வேலையை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுப்பது நோயாளிக்குச் செய்கிற பெரிய உதவி.

எங்கள் ஊரில் கடமைகள் நிறைய. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, கலியாணம், செத்தவீடு. போகாவிட்டால் பேச்சு வரும். எல்லாவற்றையும் விட்டுவிடு என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அப்படி விட்டுவிட்டால் ஆள் தனித்துப் போய்விடும். தெரிந்தெடுக்க வேண்டும். அந்த வருடம் சடங்கின் நிறைவாக நடக்கிற குளிர்த்திக்கு மட்டும் போனேன். முந்தைய நாட்கள் முழுக்கப் படுத்து எழும்பி, ஆட்டோவில் போய், ஒலிபெருக்கிக்குத் தூரமாகக் கதிரையில் இருந்து கும்பிட்டுவிட்டு உடனே திரும்பினேன். அதற்குப் பிறகு வந்த நாட்களையும் முன்கூட்டியே வெறுமையாக வைத்திருந்தோம். இறங்கத்தான் செய்தேன், ஆனால் கடுமையாக இல்லை. அம்மனைப் பார்த்த மனநிறைவு இருந்தது. ஒன்றுவிட்ட அண்ணனுடைய செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. மச்சாளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன், பிறகு உடம்பு இடம் கொடுத்த ஒரு நாளில் தனியாகப் போய் அவர் பக்கத்தில் இருந்தேன். கூட்டம் போன பிறகு வந்தது நல்லது என்று அவரே சொன்னார்.

காசைப் பற்றி ஒரு சொல். நோயாளி வீட்டுக்குப் புத்திமதியோடு போத்தல்களும் வரும். சக்தி தரும் மா, எதிர்ப்புச் சக்தி மாத்திரை, சேலைனில் ஏற்றுகிற விற்றமின் என்று. பரிசோதனையில் குறைவு என்று தெரிந்த சத்தை எடுங்கள், மிச்சக் காசை ஆட்டோவுக்கும் வீட்டு உதவிக்கு ஓர் ஆளுக்கும் வையுங்கள். எனக்குக் கிழமையில் சில நாள் உடுப்புத் தோய்க்க வந்த அக்காவுக்குக் கொடுத்த சம்பளம் எந்தப் போத்தலையும்விட வேலை செய்தது. உடம்பு நோவுக்கும் நித்திரைக்கும் டொக்டர் மிகச் சின்ன அளவில் ஒரு மருந்து தந்தார், அது உதவியது. இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு மருந்துகள் சட்டென்று ஒத்துக்கொள்ளாமல் போகும், குறைந்த அளவில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனம் உடையாமல் இருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த காலையில் வந்த எண்ணங்களை எழுத விருப்பம் இல்லை. அது வருத்தத்தால் வந்த மனச்சோர்வு. அதற்கும் வைத்தியம் இருக்கிறது, அதற்கு வைத்தியம் எடுப்பதால் களைப்பு மனதில்தான் இருக்கிறது என்று ஆகிவிடாது. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் 1926-க்கு அழைத்துக் கதைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இப்போது நான் பழையபடி இல்லை. நல்லாக இருக்கிறேன் என்று சொல்லலாம். அரைநாள் அளவுக்கு இருந்து செய்கிற வேலையைக் கந்தோரில் தந்திருக்கிறார்கள், வெளிக்களம் இல்லை. மருத்துவச் சான்றிதழில் நீண்ட நேரம் நிற்கக் கூடாது, இடையில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று டொக்டர் தெளிவாக எழுதித் தந்ததால்தான் அது நடந்தது. வெறுமனே களைப்பு என்று எழுதியிருந்தால் நடந்திருக்காது. விழுவது இன்னும் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை, விழுந்தால் சீக்கிரம் எழும்புகிறேன். மழைக்காலம் வந்தால் பயம் வரும். டெங்கில் நான்கு வகை, இரண்டாம் முறை வேறு வகை பிடித்தால் கடுமையாக அடிக்கும் வாய்ப்புக் கூட. அதனால் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பீலி எல்லாம் பிள்ளைகள் கிழமைக்கொரு தடவை கவிழ்த்துத் துப்புரவாக்குகிறார்கள். பகலில் படுத்தாலும் எனக்கு நுளம்பு வலைதான்.

கடைசியாக, கிளினிக்குப் போகிறவர்களுக்கு. வெளிநோயாளர் பிரிவில் உங்கள் முறை வரும்போது டொக்டருக்கு உங்களுக்காக இருக்கிற நேரம் சில நிமிடம்தான். வரிசையில் இருந்து இருந்தே மூளை மந்தமாகியிருக்கும், சொல்ல நினைத்தது வராது. கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், இலக்கம் எடுக்க அவர் நிற்கட்டும், நீங்கள் இருங்கள். அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கு ஆறு கிழமை தாண்டியும் இந்தக் குணங்கள் விடாவிட்டால் சந்தேகிக்கலாம், மூன்று மாதத்தில் நோய் என்று தீர்மானிக்கலாம் என்கிறது நைஸின் அந்த 2021 வழிகாட்டி. அமெரிக்க அளவுகோல் ஆறு மாதம் கேட்கிறது. ஆகவே எப்போது தொடங்கியது என்பது முக்கியம். நான் கொண்டுபோன தாளில் இருந்தவை இவை: டெங்கு வந்த திகதி, வார்டிலிருந்து வந்த திகதி. வருத்தத்துக்கு முதல் ஒரு நாளில் என்ன செய்வேன், இப்போது என்ன செய்கிறேன். எந்த வேலைக்குப் பிறகு, எத்தனை மணித்தியாலம் கழித்து விழுகிறேன், எழும்ப எத்தனை நாள். படுத்திருக்கும்போதும் நின்றிருக்கும்போதும் நாடித்துடிப்பு. எடுக்கிற மருந்துகள். செய்து முடித்த பரிசோதனைகளின் ரிப்போர்ட் பின்னால் குத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே பரிசோதனையை மறுபடி எழுதித் தருவார்கள்.